திசை, வரிசை, தொலைவு: திருவனந்தபுரத்து மனைகளில் துணைக்கட்டடங்களும் விதிகளும்

முன்னுரை

வீடு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் திண்ணை, முற்றம், கூடம், பூசையறை ஆகியவற்றையே விரித்துரைக்கின்றன. வீட்டை ஒட்டியும் வீட்டிற்கு அப்பாலும் நின்ற கிணற்றுமேடை, மாட்டுக்கொட்டில், உரல்புரை, விறகுக்கொட்டகை, குளப்புரை, கழிப்பிடம் ஆகியவை அவ்வாய்வுகளில் ஓரிரு வரிகளுக்கு மேல் இடம்பெறுவதில்லை. ஆயினும் ஒரு மனையில் எதனை எங்கே கட்டலாம், எங்கே கட்டலாகாது என்னும் விதிகள் மிகுதியும் இச்சிறு கட்டடங்களைக் குறித்தே எழுந்துள்ளன. நீர், நெருப்பு, கழிவு, கால்நடை ஆகிய நான்கும் இவற்றோடு தொடர்புடையன ஆதலின், அண்டை வீட்டாரோடு வழக்கு விளைவதும் இவற்றாலேயே ஆகும்.

திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலுக்குத் தென்மேற்கே, கோட்டைக்கு வெளியே அமைந்துள்ள ஸ்ரீவராகமும் அதனை அடுத்த கோட்டைப் பகுதியும் இவ்வாய்வுக்குக் களமாகக் கொள்ளப்படுகின்றன. இலட்சுமி வராகமூர்த்தி கோயிலும் அதன் பெருங்குளமும் ஸ்ரீவராகத்தின் அடையாளங்கள். கோட்டையினுள் சுவரோடு சுவர் ஒட்டிய தமிழ்த் தெருவீடுகளும், கோட்டைக்கு வெளியே நாற்புறமும் நிலம் சூழ்ந்த மலையாள நாட்டு மனைகளும் அருகருகே வளர்ந்தமையால், இரு வேறு மனைமரபுகளை இங்கு ஒருங்கே காண இயலும். துணைக்கட்டடங்களின் இடத்தை மலையாளத் தச்சுநூல் மரபு திசையாலும், தமிழ்த் தெருவீட்டு மரபு வரிசையாலும், இக்காலக் கட்டட விதிகள் தொலைவாலும் வரையறுக்கின்றன என்பதும், இம்மூன்றனுள் தொலைவு மட்டுமே சட்டமான போது தெருவீடு விதிக்குப் புறம்பானதாக ஆயிற்று என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

சொல்வழக்கு

துணைக்கட்டடத்தைக் குறிக்கும் சொற்கள் தமிழில் பழமையானவை. பத்துப்பாட்டுள் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில், உழவர் குடியிருப்பைக் கூறும் பகுதியில் 'கொட்டில்' என்னும் சொல் ஆளப்பட்டுள்ளது. கலப்பையும் வண்டியுருளையும் சார்த்தி வைக்கப்பட்ட, புகை சூழ்ந்த இடமாக அது காட்டப்படுகிறது. அந்நூலே அந்தணர் இல்லத்தைக் கூறுமிடத்துக் குறுகிய கால்களை உடைய பந்தலில் கன்று கட்டப்பட்டிருந்ததைச் சுட்டுகிறது. உழவர் இல்லின் நெடிய நெற்கூடுகளும் அதில் பேசப்படுகின்றன. வீடு, கொட்டில், பந்தல், கூடு எனப் பயன்பாட்டுக்கேற்பத் தனித்தனிக் கட்டுகள் அமைந்திருந்தமை இதனால் விளங்கும்.

மலையாளத்தில் இத்தகைய கட்டுகள் 'புர' என்னும் ஈற்றால் பெயர் பெறுகின்றன. படிப்புரை, பத்தாயப்புரை, உரல்புரை, குளப்புரை, ஊட்டுப்புரை என்பன அவ்வகையின. நாஞ்சில் நாட்டுத் தமிழில் இவ்வீறு 'புரை' என வழங்குகிறது. வீடு அமைந்த நிலம் 'புரையிடம்' எனப்படுகிறது. திருவனந்தபுரத்துத் தமிழர் பேச்சில் ஊட்டுப்புரையும் உண்டு, மாட்டுக்கொட்டிலும் உண்டு. இவ்விரு சொல்மரபுகளின் கலப்பு இரு மனைமரபுகளின் கலப்பையும் உணர்த்துவதாகக் கொள்ளலாம். 'புரை' தனித்து நிற்கும் ஒரு கட்டடத்தைக் குறிக்க, 'கட்டு' என்னும் தெருவீட்டுச் சொல் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும் பகுதியைக் குறிக்கிறது. முதற்கட்டு, இரண்டாங்கட்டு என எண்ணிச் சொல்லும் வழக்கை நோக்குக.

திசை: தச்சுநூல் மரபு

கேரளத்தில் மனையமைப்புக்குரிய நூல்களுள் தலையாயது திருமங்கலத்து நீலகண்டன் வடமொழியில் இயற்றிய 'மனுஷ்யாலய சந்திரிகை' ஆகும். பதினாறாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் இந்நூல், கோயிலை விடுத்து மக்கள் குடியிருப்பையே பொருளாகக் கொண்டது. இந்நூல்மரபு மனையை நான்கு கண்டங்களாகப் பகுக்கிறது. வடகிழக்கு மனுஷ்ய கண்டம். தென்மேற்கு தேவ கண்டம். இவ்விரண்டும் வீடு கட்டத் தகுந்தவை. தென்கிழக்கான யம கண்டமும் வடமேற்கான அசுர கண்டமும் விலக்கத்தக்கவை. கிணற்றுக்கு ஈசானம் எனப்படும் வடகிழக்கு சிறப்புடையதாகக் கொள்ளப்படுகிறது.

மனையை ஒன்றனுள் ஒன்றாக அமைந்த ஒன்பது வீதிகளாகப் பகுக்கும் முறையும் இம்மரபில் உண்டு. நடுவில் பிரம்ம வீதியும் விளிம்பில் பிசாச வீதியும் அமையும். பிசாச வீதியில் குடியிருப்பு அமைதல் கூடாது. எல்லையை ஒட்டிக் கட்டாமல் இடம் விட வேண்டும் என்னும் இக்கால விதியோடு இது ஒத்திருப்பது போலத் தோன்றும். ஆனால் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. ஒன்பது வீதிகள் இருபுறமும் அமைதலின், சதுர மனையின் ஒரு பக்கம் பதினெட்டுப் பங்காகிறது. விளிம்பு வீதியின் அகலம் அதில் ஒரு பங்கு. பக்கம் 90 மீட்டர் எனின் அது 5 மீட்டர்; பக்கம் 9 மீட்டர் எனின் அரை மீட்டர். மனை சிறுத்தால் விடவேண்டிய இடமும் அதே விகிதத்தில் சிறுக்கும். இக்கால விதியின் மீட்டர்க் கணக்கில் இத்தகைய நெகிழ்ச்சி இல்லை.

திசையறிந்து மனை வகுக்கும் வழக்கம் தமிழுக்குப் புதியதன்று. நெடுநல்வாடையில் நூலறி புலவர் நிழல்கொண்டு திசை கணித்து அரண்மனைக்குக் கயிறிட்ட செய்தி வருகிறது. எனினும் மனுஷ்யாலய சந்திரிகையின் மரபு நாற்புறமும் நிலம் உடைய மனையை முன்கொள்கிறது. திசை நோக்கிக் கிணறும் தொழுவமும் அமைப்பதற்கு எல்லாத் திசைகளிலும் நிலம் வேண்டும். அத்தகு நிலம் உடையோர்க்கே அவ்விதி முழுமையாகப் பொருந்தியது எனலாம்.

வரிசை: தெருவீட்டு மரபு

மார்த்தாண்டவர்மர் காலத்திலும் அவர்க்குப்பின் ஆண்ட கார்த்திகைத் திருநாள் இராமவர்மர் (1758-1798) காலத்திலும் திருவனந்தபுரம் அரசியல் முதன்மை பெற்றது. கோயிற்பணி, அரசுப்பணி, வணிகம் ஆகியவற்றின் பொருட்டுத் தமிழர் குடியேற்றம் பெருகியது. கோட்டையினுள் உள்ள தெருக்களிலும் கரமனை, வலியசாலை ஆகிய இடங்களிலும் தமிழ்ப் பிராமணர் அக்கிரகாரங்கள் அமைந்தன. சாலைக் கடைத்தெருவில் தமிழ் வணிகர் மிகுந்தனர். நீல. பத்மநாபனின் 'பள்ளிகொண்டபுரம்', ஆ. மாதவனின் கடைத்தெருக் கதைகள் ஆகியவை இந்நகரின் தமிழ் வாழ்க்கையைப் புனைவில் பதிவு செய்தவை.

அக்கிரகார வீட்டின் மனை முன்புறம் குறுகியும் பின்புறம் நீண்டும் இருக்கும். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கிணற்றடி, கொல்லை, மாட்டுக்கொட்டில் என்னும் ஒழுங்கில் அது தெருவிலிருந்து உள்நோக்கிச் செல்லும். பக்கச் சுவர் இரு வீட்டார்க்கும் பொது. தெரு கிழக்கு மேற்காக ஓடினால் ஒரு சாரியின் கொல்லை வடக்கிலும் மறுசாரியின் கொல்லை தெற்கிலும் அமையும். ஆகவே ஒரே தெருவில் எதிரெதிராக உள்ள இரு வீடுகளின் கிணறுகள் ஒரே திசையில் அமைய இயலாது. இங்கே இடத்தை வரையறுப்பது திசையைவிட வரிசையே. தெருவிற்கு அணித்தானது தூய்மையும் பொதுமையும் உடையது. தெருவிற்குச் சேய்மையானது கழிவும் உழைப்பும் சார்ந்தது என்பது அவ்வரிசையின் உட்பொருள்.

இவ்வரிசைக்கு எழுதப்பட்ட விதி தேவைப்படவில்லை. ஒரு வீட்டின் கிணற்றடி அடுத்த வீட்டின் கிணற்றடிக்கு நேராகவும், கொட்டில் கொட்டிலுக்கு நேராகவும் அமைந்தமையால், ஒருவர் வீட்டுக் கூடத்தை அடுத்து மற்றவர் கொட்டில் வருதல் அரிதாயிற்று. தெருவின் எல்லா வீடுகளும் ஒரே ஒழுங்கைப் பின்பற்றுவதே அவ்விதியின் காப்பாக அமைந்தது. ஒரு வீடு அவ்வொழுங்கை மீறினால் இருபுறத்து வீடுகளும் தாக்குறும்.

கொல்லையின் மறுபக்கம்

இவ்வொழுங்கைப் புகழ்ந்துரைத்து நிறுத்துதல் ஆய்வுக்கு அழகன்று. கொல்லைப்புறத்தின் எடுப்புக் கழிப்பிடமும் அதற்கென அமைந்த பின்சந்தும் சாதியமைப்பின் மீது எழுந்தவை. முன்தெருவில் நடக்க உரிமையற்றவர் பின்சந்தின் வழியே வந்து வீட்டாரின் கழிவைச் சுமந்து சென்றனர். தகழி சிவசங்கரப் பிள்ளை 1947-இல் எழுதிய 'தோட்டியுடெ மகன்' என்னும் மலையாள நாவல் ஆலப்புழை நகரத் துப்புரவுத் தொழிலாளரைப் பற்றியது. அதன் மையமாந்தன் சுடலைமுத்து என்னும் தமிழ்ப்பெயர் உடையவன் என்பது எண்ணத்தக்கது. சுந்தர ராமசாமி இதனைத் தமிழில் பெயர்த்தார். தெருவீட்டின் வரிசையொழுங்கு இத்தொழிலாளர் உழைப்பின்றி இயங்கியிராது.

மாதவிலக்குக் காலத்துப் பெண்கள் ஒதுங்கியிருந்த இடமும் பெரும்பாலும் பின்கட்டும் கொல்லையுமே ஆகும். குளத்தின் நிலையும் இதனின் வேறன்று. நீராடுவதற்குக் கோயிற்குளமே அமைந்த காலத்தில், அதன் படித்துறையை யார் அணுகலாம் என்பதைப் பிறப்பே உறுதி செய்தது. 1936 நவம்பர் 12-ஆம் நாள் வெளியான ஆலயப் பிரவேசப் பிரகடனம் கோயிற்கதவைத் திறந்த பின்னரே இந்நிலை தளரத் தொடங்கியது. எனவே வரிசை என்னும் மரபுநெறி சில தீங்குகளைத் தடுத்தது போலவே சில தீங்குகளை நிலைநிறுத்தவும் செய்தது. இக்கால விதிகளின் வருகையை மதிப்பிடும்போது இவ்விரண்டையும் ஒருங்கே கருதுதல் வேண்டும்.

தொலைவு: நகராட்சி விதிகள்

கொல்லம் ஆண்டு 1069-இல் (1894) திருவிதாங்கூர் அரசு நகர மேம்பாட்டுக்கான ஒழுங்குச்சட்டம் ஒன்றை இயற்றித் திருவனந்தபுரம், நாகர்கோவில், கொல்லம், ஆலப்புழை, கோட்டயம் ஆகிய நகரங்களில் மேம்பாட்டுக் குழுக்களை அமைத்தது. திருவனந்தபுரம் 1920-இல் நகராட்சியாகவும் 1940-இல் மாநகராட்சியாகவும் ஆயிற்று. கொல்லம் ஆண்டு 1108-இல் (1932-33) நகரமைப்புச் சட்டமும், 1120-இல் (1944-45) நகர, ஊரமைப்புச் சட்டமும் பிறந்தன. சென்னை மாகாணத்தின் நகரமைப்புச் சட்டம் 1920-இல் வந்தது. நிலத்தைப் பயன்பாட்டால் பகுக்கும் முறையை ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரம் 1891-இலும் அமெரிக்காவில் நியூயார்க் 1916-இலும் மேற்கொண்டன. இவ்வலையின் ஒரு பகுதியாகவே திருவிதாங்கூர்ச் சட்டங்களும் எழுந்தன.

விதியின் பின்னணியில் நோய்த்தடுப்பு நின்றது. 1920-களின் இறுதியில் ராக்பெல்லர் அறநிறுவனத்தின் துணையோடு திருவிதாங்கூரில் கொக்கிப்புழு ஒழிப்பும் கழிப்பிடம் அமைத்தலும் முன்னெடுக்கப்பட்டன. அருவிக்கரையிலிருந்து குழாய்நீர் 1933-இல் நகருக்கு வந்தது. கழிவுநீர்க் குழாய்த் திட்டம் 1940-களில் செயற்படத் தொடங்கியது. குழாய்நீர் வந்ததும் கிணற்றடி குளியலறையாக உள்ளே வந்தது. கழிவுக்குழாய் வந்ததும் எடுப்புக் கழிப்பிடம் தேவையற்றதாயிற்று. தெருவீட்டின் வரிசை முதன்முதலாகக் குலைந்தது இப்போதுதான். பின்சந்தின் கொடுமை குறைவதற்கும் இதுவே வழி செய்தது. எடுப்புக் கழிப்பிடங்களைத் தடைசெய்யும் நடுவணரசுச் சட்டம் 1993-இல்தான் இயற்றப்பட்டது என்பதையும் உடன் எண்ணுதல் வேண்டும்.

விடுதலைக்குப் பின் கேரளக் கட்டட விதிகள் 1984-இலும், கேரள நகராட்சிக் கட்டட விதிகள் 1999-இலும், அவற்றிற்கு மாற்றாகப் புதிய விதிகள் 2019-இலும் வந்தன. பழைய நகரமைப்புச் சட்டங்களின் இடத்தைக் கேரள நகர, ஊரமைப்புச் சட்டம் 2016 கொண்டது. இவற்றுள் 1999-ஆம் ஆண்டு விதிகள் நம் ஆய்வுக்கு இன்றியமையாதவை. 1994-ஆம் ஆண்டின் கேரள நகராட்சிச் சட்டம், அறிவிக்கப்பட்ட சாலைகளின் எல்லையிலிருந்து 3 மீட்டருக்குள் சுற்றுச்சுவர் தவிர வேறு கட்டடம் எழுப்பலாகாது என்கிறது. கட்டட விதிகளோ முன்னும் பின்னும் இருபக்கமும் திறவிடம் வேண்டும் என்கின்றன. குடிநீர்க் கிணற்றிலிருந்து 7.5 மீட்டர் ஆரத்திற்குள் செப்டிக் டாங்கோ உறிஞ்சுகுழியோ அமைத்தல் கூடாது என்பது 1999 விதிகளின் ஒரு கூறு. 2004-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மழைநீர்ச் சேமிப்பு அமைப்பும் மனையில் இடம்பெற வேண்டியதாயிற்று.

7.5 மீட்டர் என்னும் அளவின் உட்பொருளைக் கணக்கிட்டுக் காண்போம். அவ்வாரமுடைய வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 177 சதுர மீட்டர். அதாவது நான்கு சென்டுக்கு மேல். அதே விதிகள் 'சிறுமனை' எனத் தனிச்சலுகை வழங்கிய மனையின் உச்சப் பரப்பு 125 சதுர மீட்டர். ஒரு கிணற்றுக்குரிய காப்புவட்டம் ஒரு சிறுமனை முழுவதையும்விடப் பெரிது. ஆறு மீட்டர் அகலமுள்ள தெருவீட்டு மனையில் அவ்வட்டம் இருபுறத்து அண்டை மனைகளையும் கடந்து செல்லும். என் கிணறு அண்டை வீட்டாரின் கழிவுத்தொட்டியைத் தடுக்கும். அவர் கிணறு என் தொட்டியைத் தடுக்கும். நலவாழ்வு நோக்கில் இவ்விதி சரியானது. ஆனால் இதனைத் தனித்தனி மனையில் நிறைவேற்றுதல் தெருவீட்டார்க்கு இயலாது. தெரு முழுவதற்கும் பொதுவான கழிவுக்குழாயாலேயே இயலும்.

பக்கத் திறவிடத்தின் நிலையும் இதுவே. ஆறு மீட்டர் அகல மனையில் இருபுறமும் ஒவ்வொரு மீட்டர் விட்டால் எஞ்சுவது நான்கு மீட்டர். மனையின் அகலத்தில் மூன்றிலொரு பங்கு சந்தாகிவிடும். அண்டை மனையாளர் இசைந்தால் எல்லையை ஒட்டிக் கட்டலாம் என 1999 விதிகள் இடம் தந்தன. ஒப்புதல் பெற்ற திட்டங்களில் வரிசைக் கட்டடம் எழுப்பவும் வழி உண்டு. ஆயினும் தலைமுறைகளாகப் பொதுச்சுவராக நின்றது இப்போது ஒருவர் எழுத்தால் தரும் இசைவாக மாறுகிறது. பொதுமரபாக இருந்தது தனிச்சலுகையாகிறது.

'வழக்கம்' என்னும் சொல்

துணைப்பயன்பாடு என்பதற்கு இவ்விதிகள் தரும் விளக்கம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. முதன்மைப் பயன்பாட்டிற்குக் கீழ்ப்பட்டதும், வழக்கமாக அதனோடு சேர்ந்து வருவதுமான பயன்பாடே துணைப்பயன்பாடு. முதன்மைக் கட்டடத்திலிருந்து பிரிந்து நின்று அப்பயன்பாட்டிற்கு உதவுவது துணைக்கட்டடம் என்பது அதன் சாரம். மேனாட்டு நில வரையறைச் சட்டங்களில் வேரூன்றிய கருத்து இது. அங்கே வழக்கம் என்பது கார் நிறுத்துமிடம், கருவிக்கொட்டகை, நீச்சற்குளம் ஆகியவற்றைச் சுட்டுவது. அச்சொல் ஸ்ரீவராகத்தின் ஒரு மனைக்கு வரும்போது யாருடைய வழக்கத்தைச் சுட்டும்? மாட்டுக்கொட்டில் ஒருகாலத்தில் வீட்டோடு பிரியாத வழக்கம். இன்று நகரின் நடுவே அது புகாருக்குரியது. கார்க்கொட்டகை இருதலைமுறைக்கு முன் அரிது; இன்று அதுவே வழக்கம். குளப்புரை பெருமனையாளர் சிலரின் உடைமையாக இருந்தது. வீட்டு நீச்சற்குளம் இன்று மீண்டும் அவ்வாறே செல்வரின் அடையாளமாகிறது.

விதியில் உள்ள இச்சொல் வரலாற்றுக்கு ஒரு வாயிலைத் திறந்து வைத்துள்ளது. ஓர் இடத்தின் வழக்கம் எது என்பதை அறிவதற்கு அளவைக்கோல் மட்டும் போதாது. சொல்வழக்கும் பத்திரங்களும் இலக்கியமும் வாய்மொழியும் சான்றாக வேண்டும். தமிழாய்வாளர் பங்களிக்கத்தக்க இடம் இதுவே. பத்திரங்களில் 'கொட்டில்', 'புரையிடம்', 'கட்டு' என வரும் சொற்கள், ஒரு மனையில் எது நின்றது என்பதற்கும் அது எவ்வாறு கருதப்பட்டது என்பதற்கும் நேர்ச்சான்றுகள் ஆகும்.

சென்னையோடு ஓர் ஒப்பீடு

1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவிதாங்கூரின் தமிழ்த் தெருக்கள் அன்று இரு மாநிலங்களின் கீழ்ப் பிரிந்தன. சென்னைப் பெருநகர வளர்ச்சி விதிகளில் 'தொடர் கட்டடப் பகுதி' என்னும் ஒரு வகை உண்டு. ஜார்ஜ் டவுன், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் ஆகியவற்றின் பழந்தெருக்கள் அவ்வகையுள் அடங்கும். அங்கே பக்கத் திறவிடம் கட்டாயமன்று. ஒட்டிய வீடுகளை ஒரு பகுதியின் இயல்பாக விதியே ஏற்றுக்கொள்கிறது. வீட்டிற்கு வீடு இசைவு பெற வேண்டியதில்லை.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் மனைமரபே எனத் தோன்றுகிறது. கேரளத்தின் பொதுவழக்கு தனித்து நிற்கும் வீடு. விதியும் அதனையே முன்மாதிரியாகக் கொண்டது. அங்கே தெருவீடு சிறுபான்மை மரபு. பெரும்பான்மை வழக்கத்தை அளவாகக் கொண்டு எழுந்த விதி, சிறுபான்மை மரபை வேண்டுமென்றே ஒதுக்கியது என்று கூற இயலாது. அதனைக் காணத் தவறியது எனலாம். ஆனால் விளைவு ஒன்றே. பழைய வீட்டை இடித்துக் கட்டுவோர் புதிய விதிக்கு உட்படுகின்றனர். ஒரு வீடு பின்வாங்கி நின்றால் திண்ணைச் சாரியின் தொடர்ச்சி அறுபடுகிறது. கொல்லையில் வீடு நீண்டால் கிணற்றடிகளின் நேர்கோடு மறைகிறது. இரு மனைகளைச் சேர்த்து வாங்கி அடுக்குமாடி எழுப்புதலே ஆதாயமாகிறது.

முடிவுரை

துணைக்கட்டடத்தின் இடத்தைத் திசையால் வரையறுத்த தச்சுநூல் மரபு விகிதத்தை அறிந்திருந்தது, நிலமுடையோரை முன்கொண்டிருந்தது. வரிசையால் வரையறுத்த தெருவீட்டு மரபு அண்டை வீட்டாரின் நலத்தைத் தெருவின் பொதுவொழுங்கால் காத்தது. அவ்வொழுங்கின் சுமையைப் பின்சந்தில் வந்தோர் தலையில் ஏற்றியது. தொலைவால் வரையறுக்கும் இக்கால விதி யாவர்க்கும் ஒரே அளவுகோலைத் தந்தது. கிணற்றையும் கழிவையும் பிரித்து உயிர்காத்தது. சாதியையும் திசைப்பயனையும் அது கேட்பதில்லை என்பது அதன் பெரும்பேறு. மனையின் வடிவத்தையும் அது கேட்பதில்லை என்பது அதன் குறை.

ஆகவே பழைமைக்குத் திரும்புதல் தீர்வாகாது. கழிவுநீரும் குடிநீரும் பற்றிய தொலைவு விதிகளைத் தளர்த்தாமல், பக்கத் திறவிடம் பற்றிய விதிகளில் மட்டும் கோட்டைப் பகுதி, கரமனை, வலியசாலை ஆகியவற்றின் தெருவீடுகளைத் தொடர் கட்டடப் பகுதியாக ஏற்றல் தகும். சென்னையின் முன்மாதிரி இதற்கு உண்டு. அவ்வாறு ஏற்பதற்கு முன், எந்தத் தெருவில் எத்தனை வீடுகள் பொதுச்சுவரோடும் கொல்லையோடும் எஞ்சியுள்ளன என்பதைப் பதிவு செய்தல் வேண்டும். கிணற்றடியும் கொட்டிலும் பின்சந்தும் அப்பதிவில் திண்ணைக்கும் முற்றத்திற்கும் நிகரான இடம் பெறுதல் வேண்டும். ஒரு தெருவில் யார் எவ்வழியே நடந்தனர், யார் நீர் இறைத்தனர், யார் கழிவு சுமந்தனர் என்பவற்றை முகப்பைக் காட்டிலும் பின்கட்டே தெளிவாக எடுத்துரைக்கும்.